ஆறு எழுத்துக்கு இடம்

மெஷினை அந்தப் பிளக்கில் மாட்டாதீர்கள் தம்பி, அது மிக்ஸிக்கு. பக்கத்தில் இருப்பது கிரைண்டருக்கு. அதோ அந்த மூலையில் அட்டைப்பெட்டியோடு இருப்பது ஸ்டாண்ட்பை மிக்ஸி, அதற்கு ஒரு பாயிண்ட் காலியாக வைத்திருக்கிறேன், அதையும் தொட வேண்டாம். பாத்ரூம் வாசலில் ஒன்று இருக்கிறது. ஒயர் எட்டுகிறதா? எட்டும். உட்காருங்கள். நாற்காலியைத் தேடாதீர்கள், நாற்காலியெல்லாம் வெளியே மாடிப்படியில் இருக்கிறது. அந்த அண்டாவைக் கவிழ்த்துப் போட்டு உட்காரலாம். நான் அப்படித்தான் உட்காருகிறேன். நசுங்காது, கனமான தகடு.

பாத்திரத்தில் என்ன பேர் வெட்டுவது என்றுதானே கேட்கிறீர்கள்? சொல்கிறேன். பேர் கையில் இருந்தால் போனிலேயே சொல்லியிருக்க மாட்டேனா?

சாயங்காலம் ஆபீஸ் விட்டதும் என் பெண் இங்கே வருவாள். அதற்குள் எல்லாப் பாத்திரத்திலும் அந்தக் காலி இடம் நிரம்பியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் வீட்டுக்காரரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு மறுபடியும் ஹாஸ்டலுக்கே போய்விடுவேன் என்று சொல்லியிருக்கிறாள். சொன்னால் செய்வாள். இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. அவள் அம்மா பக்கமாக இருக்கும்.

இந்தத் தட்டைப் படியுங்கள். மங்கையர்க்கரசி. அப்புறம் ஒரு கோடு. அப்புறம் ஒன்றுமில்லை. அப்புறம் இன்னொரு கோடு. அப்புறம் சென்னை. படித்தீர்களா? அந்த ஒன்றுமில்லாததுதான் பிரச்சினை. எடுத்துப் பாருங்கள், டம்ளர், கிண்ணம், தூக்கு, சம்படம், இட்லிக் குண்டான், எல்லாவற்றிலும் அதே. நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்களே, அதிலும் இருக்கிறது. எழுந்திருக்க வேண்டாம், இருக்கிறது என்று சொன்னேன்.

நான் சர்க்கரை ஆலையில் ஸ்டோர் கீப்பர். கூட்டுறவு ஆலை. ரிட்டயர் ஆகிவிட்டேன், ஆனால் ஸ்டோர் கீப்பர் ரிட்டயர் ஆவதில்லை. ஊர் திருக்கோவிலூர். இவள் ஒரே பெண். மங்கையர்க்கரசி என்று நான்தான் பேர் வைத்தேன். தரமணியில் வேலை. இத்தனை வருஷமும் லேடீஸ் ஹாஸ்டலில் இருந்தாள். தை பிறந்ததும் ஒருநாள் போன் பண்ணினாள்.

"அப்பா, ஒரு வீடு எடுத்திருக்கேன்" என்றாள்.

"யாரோட?"

"யாரோடயும் இல்லப்பா. நான்தான்."

போனை வைத்துவிட்டு என் மனைவியிடம் சொன்னேன். செண்பகம் என்று பேர். அடுக்களையில் ஏதோ செய்துகொண்டிருந்தாள். "உன் பொண்ணு கல்யாணத்துக்குச் சம்மதிச்சுட்டா" என்றேன்.

"அப்படியா சொன்னா?"

"வீடு எடுத்திருக்காளாம்."

"அது வேற, இது வேற."

"வீடு எதுக்கு எடுப்பாங்க?"

"இருக்கறதுக்கு" என்றாள்.

அவளுக்குப் புரிவது அவ்வளவுதான். தனிக்குடித்தனம் என்றால் என்ன தம்பி? கல்யாணம், அப்புறம் வீடு, அப்புறம் பாத்திர பண்டம். இவள் வீட்டை முதலில் எடுத்துவிட்டாள். வரிசை கொஞ்சம் மாறிவிட்டது, அவ்வளவுதான். பாத்திரத்தை நான் முடித்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது? ஒரே ஒரு ஐட்டம். ஒரு ஐட்டம் வரவில்லை என்பதற்காக யாராவது ஆலையை ஓட்டாமல் இருப்பார்களா?

அவள் கேட்டது, ஒரு குக்கர், ஒரு வாணலி, இரண்டு தட்டு, இரண்டு டம்ளர். அவ்வளவு போதுமாம். நான் சிரித்துக்கொண்டேன். பொருள் கேட்கிறவனுக்குத் தன் தேவை தெரியாது, இது என் சர்வீஸில் கண்ட உண்மை. பாய்லர் பிரிவிலிருந்து ஒருத்தன் வருவான், ஒரு பேரிங் போதும் சார் என்பான். அடுத்த வாரமே வந்து நிற்பான். நான் இரண்டாவதை ஏற்கெனவே எடுத்து வைத்திருப்பேன். அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அந்த முகத்தைப் பார்ப்பதற்காகவே நான் வேலை பார்த்தேன் என்று சொல்லலாம்.

சென்னையில் வாங்காதே, தகடு காகிதம் மாதிரி இருக்கும் என்று அவளிடம் சொல்லிவிட்டேன். நீங்கள் சென்னைக்காரர், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எங்கள் ஊர்க் கடைத்தெருவில் தனகோட்டி பாத்திரக்கடை. செண்பகத்தையும் கூட்டிக்கொண்டு போனேன்.

"வாங்க ஸ்டோர் சார்" என்றார் தனகோட்டி. "யாருக்குக் கல்யாணம்?"

"பொண்ணுக்கு."

"சந்தோஷம். மாப்பிள்ளை எந்த ஊரு?"

"பாத்துக்கிட்டிருக்கோம்."

"அப்ப பாத்திரம்?"

"பாத்திரம் இன்னிக்கு."

அவர் செண்பகத்தைப் பார்த்தார். செண்பகம் மின்விசிறியைப் பார்த்தாள்.

வாங்க ஆரம்பித்தோம். குக்கர் சிறியது ஒன்று, நடுத்தரம் ஒன்று, பெரியது ஒன்று. சிறியதற்கு ஸ்டாண்ட்பை ஒன்று. தோசைக்கல் இரண்டு, ஒன்று தோசைக்கு, ஒன்று சப்பாத்திக்கு. சப்பாத்திக்கல்லில் தோசை வராது, செண்பகமே சொல்லியிருக்கிறாள். அஞ்சறைப் பெட்டி, ஜாரணி, பால் குக்கர், காய் துருவி, தேங்காய் துருவி, சல்லடையில் மாவுக்கு ஒன்று ரவைக்கு ஒன்று. வடிகட்டி டீக்குத் தனி, காபிக்குத் தனி. டம்ளர் எத்தனை என்றார் தனகோட்டி. நாலு பேர் வந்தால் என்று ஆரம்பித்தேன். நாலு பேர் வருகிற வீட்டில் நாற்பது பேர் வருகிற நாள் ஒன்று வரும். அதற்குத்தான் அந்த அண்டா.

"அவ சமையக்கட்டு நாம நிக்கிற இந்த இடம்தான் இருக்கும்" என்றாள் செண்பகம். கடையில் இரண்டு ஸ்டூலுக்கு நடுவே நின்றுகொண்டு சொன்னாள்.

"சமையக்கட்டு சின்னதுன்னா பசி சின்னதா ஆயிடுமா?" என்றேன். அவள் ஒரு கைக்கு அடக்கமான பால் பாத்திரம் ஒன்றை எடுத்து மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். "அது எதுக்கு? அதுல என்ன வைக்க முடியும்?" என்றேன். திரும்ப வைத்துவிட்டாள்.

பேர் வெட்டும் இடத்துக்கு வந்தோம். உங்கள் தொழில், உங்களுக்குத் தெரியாததா. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குக் கொடுக்கிற பாத்திரம் என்றால் பெண் பேர், மாப்பிள்ளை பேர், ஊர், மூன்றும் வரிசையாக இருக்க வேண்டும். பெண் பேரை மட்டும் வெட்டிவிட்டுப் பின்னால் மாப்பிள்ளை பேரை வேறொருத்தர் வேறு மெஷினில் வெட்டினால் ஊர் எங்கே போகும்? பேர், ஊர், கடைசியில் மாப்பிள்ளை என்றாகிவிடும். மாப்பிள்ளை ஊருக்கு வெளியே நிற்பார். அது மரியாதையா?

அதனால் இடம் விட்டு வெட்டச் சொன்னேன்.

தனகோட்டி பேனாவை வைத்துவிட்டார். "இடம் விட்டா?"

"ஆமா. நடுவுல."

"யாருக்கு சார்?"

"வரப்போறவருக்கு."

"அவர் பேரு தெரியாதே."

"அதனாலதான் இடம்."

அப்புறம் கேட்டார் பாருங்கள், அதுதான் கேள்வி. "எவ்வளவு இடம் சார்?"

நான் அதைப் பற்றி நினைத்திருக்கவில்லை. ஆனால் தடுமாறவில்லை. ஒரு பேருக்குச் சராசரியாக எவ்வளவு இடம் வேண்டும்? என் பேரை வைத்துப் பார்த்தேன். ஞானவடிவேல். ஆறு எழுத்து. குறைவும் இல்லை, அதிகமும் இல்லை, ஒரு மனிதனுக்குப் போதுமான பேர். ஆறு எழுத்துக்கு விடுங்கள் என்றேன். ஸ்பூன், ஜாரணி மாதிரிச் சின்னதுக்கெல்லாம் மூன்று. வீட்டில் கூப்பிட ஒரு சின்னப் பேர் இருக்குமில்லையா, அது போதும்.

"ஏங்க" என்றாள் செண்பகம், "அவ பேரோட நிறுத்திக்கலாமே."

"நிறுத்தினா அரைகுறையா இருக்கும்."

"இப்ப?"

"இப்ப தயாரா இருக்கு" என்றேன். தனகோட்டி இரண்டு பேருக்கும் குடிக்கக் கலர் சோடா வரவழைத்துக் கொடுத்தார்.

குட்டியானை வண்டி பிடித்து எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு இங்கே வந்து இறங்கினோம். லிஃப்டில் அண்டா நுழையவில்லை. வாட்ச்மேன், நான், டிரைவர் மூன்று பேரும் படியில் உருட்டி ஏற்றினோம். ஒவ்வொரு மாடியிலும் கதவு திறந்து பார்த்தார்கள். கல்யாணமா என்று ஒரு அம்மா கேட்டார். ஆமாம் என்றேன். மங்கை மேலே வாசலில் நின்றுகொண்டிருந்தாள். ஒவ்வொரு சாமானாக உள்ளே போகப் போக அவள் சுவரோரமாக நகர்ந்துகொண்டே போனாள். கடைசியில் பால்கனிக்குப் போய்விட்டாள்.

அன்றைக்கே பால் காய்ச்சினோம். புது வீட்டில் பால் பொங்க வேண்டும், உங்களுக்குத் தெரியும். இருப்பதிலேயே பெரிய தவலையைத்தான் அடுப்பில் வைத்தேன். ஒரு பாக்கெட் பால் ஊற்றினால் அது அடியில் எங்கேயோ கிடக்கிறது. காய்கிறது, ஆடை கட்டுகிறது, பொங்கவில்லை. மங்கை கடைக்குப் போய் இன்னும் பால் வாங்கி வந்தாள். ஊற்றினோம். பாதி வரைகூட வரவில்லை. மறுபடி போனாள். அந்தக் கடையில் தீர்ந்துவிட்டது என்று அடுத்த தெருவுக்குப் போனாள்.

"அப்பா, சின்னப் பாத்திரத்துல வைக்கலாம்ப்பா."

"சின்னதுல பொங்கறது ஒரு பொங்கலா?"

செண்பகம் என்ன செய்தாள் தெரியுமா? நான் வாசலுக்கு மாவிலை கட்டப் போன நேரத்தில் கொஞ்சம் பாலை எடுத்து ஒரு கரண்டியில் ஊற்றி அந்தப் பக்கத்து அடுப்பில் காட்டிப் பொங்க வைத்துவிட்டாள். "பொங்கிருச்சு, பொங்கிருச்சு" என்று இரண்டு பேரும் கத்தினார்கள். கட்டிப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். நான் ஓடிவந்தால் தவலை அப்படியே இருக்கிறது. எனக்கு அதில் வருத்தம்தான். ஆனால் அவர்கள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை, அதனால் விட்டுவிட்டேன். ஒரு வாரத்துக்குப் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் தயிர்.

அப்புறம் நான் என் வேலையைத் தொடங்கினேன். மிச்சமிருக்கிற ஐட்டம். தரகர் வைத்தியலிங்கம் என்று ஒருத்தர், நல்ல மனிதர், ஜாதகக் கட்டை விரிப்பதற்கு முன்பே நான் கேட்டேன், பையன் பேர் என்ன?

"பாலசுப்பிரமணியன். பாங்க்ல ஆபீசர். ஒரே பையன். சொந்த வீடு."

விரல்விட்டுப் பார்த்தேன். பத்து எழுத்து. வேண்டாம் என்றேன்.

"ஏன் சார், பொருத்தமே பாக்கலியே?"

"அடங்காது."

அவருக்குப் புரியவில்லை. இருந்தாலும் நல்ல இடமாயிற்றே என்று பையனுடைய அப்பாவுக்கு நானே போன் போட்டேன். மரியாதையாகத்தான் கேட்டேன். "உங்க பையனை வீட்ல பாலுன்னு கூப்பிடுவீங்களா?"

"இல்லையே. முழுப்பேரும் சொல்லித்தான் கூப்பிடுவோம். முருகன் பேராச்சே."

"இனிமே பாலுன்னு வச்சுக்க முடியுமா?"

"எதுக்கு?"

"பாத்திரத்துக்கு மட்டும்."

போனை வைத்துவிட்டார். படித்தவர்கள்தான் சின்ன விஷயத்துக்கெல்லாம் கோபித்துக்கொள்கிறார்கள். அடுத்து ஒரு இடம். பையன் பேர் மணி. இரண்டே எழுத்து. அது இன்னொரு சங்கடம், நாலு எழுத்துக்கு இடம் காலியாகத் தெரியும், பல் விழுந்த வாய் மாதிரி. அவர் படிப்பையும் சேர்த்து வெட்டினால் சரியாக வந்துவிடும் என்று கண்டுபிடித்தேன். மணி பி.இ. போட்டுப் பார்த்தால் கச்சிதம். மங்கைக்குப் போன் பண்ணி, கச்சிதமான இடம் வந்திருக்கிறது என்று சந்தோஷமாகச் சொன்னேன்.

"எதுல கச்சிதம்ப்பா?" என்றாள்.

சொன்னேன். அப்புறம் "அப்பா, நான் கல்யாணம் பண்ணிக்கறதா சொல்லவே இல்லையேப்பா" என்றாள். வெட்கம். இந்தக் காலத்துப் பெண்களுக்கும் வெட்கம் இருக்கிறது தம்பி, வேறு மாதிரி வெளியே வருகிறது.

மாசியில் ஒருநாள் சொல்லாமல் வந்தேன். மங்கை ஆபீஸ் போயிருந்தாள். என்னிடம் ஒரு ஸ்டாண்ட்பை சாவி உண்டு. தண்ணீர் குடிக்க டம்ளரை எடுத்தால், காலி இடத்தில் ஏதோ எழுதியிருக்கிறது. மங்கையர்க்கரசி, கோடு, வாடகை, கோடு, சென்னை. கறுப்பு மையில். அழிக்கிறேன், போகவில்லை. அடுத்த டம்ளரை எடுத்தேன். மங்கையர்க்கரசி, தூக்கம், சென்னை. அடுத்தது, மங்கையர்க்கரசி, டிராஃபிக், சென்னை. தட்டில் பார்த்தால் உப்புமா. அவளோடு வேலை செய்கிற பெண்கள் விருந்துக்கு வந்திருக்கிறார்கள். ஒருத்தி பேனாவை எடுத்து ஆரம்பித்து வைத்திருக்கிறாள், வருகிறவர்கள் எல்லாம் ஆளுக்கு ஒன்று நிரப்பிவிட்டுப் போயிருக்கிறார்கள். சாப்பாட்டுக்கு அப்புறம் அதுதான் விளையாட்டாம். இதெல்லாம் அப்புறம் தெரிந்தது.

அன்றைக்கு எனக்கு ஒன்றும் தெரியாது. ஒரு சொம்பை எடுத்தேன். மங்கையர்க்கரசி, ராபின், சென்னை.

அண்டாவைக் கவிழ்த்து உட்கார்ந்துவிட்டேன். இப்போது நீங்கள் உட்கார்ந்திருக்கிற அதே இடம். யார் இந்த ராபின்? வெகுநேரம் யோசித்தேன். மதம் வேறு. ஊர் எதுவோ. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், மூன்று எழுத்து. ஸ்பூனிலும் அடங்கும், அண்டாவிலும் இரண்டு பக்கமும் இடம் விட்டு நடுவில் வெட்டினால் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். இன்னும் கொஞ்ச நேரத்தில் மனதைத் தேற்றிக்கொண்டுவிட்டேன். நான் பழைய காலத்து ஆள் இல்லை தம்பி. கீழே இறங்கிப்போய் வாட்ச்மேனிடம் மெதுவாகக் கேட்டேன், ராபின் என்று யாராவது வருவதுண்டா?

"தினமும் வருமே சார்."

"வருமேவா?"

"மங்கை மேடம்தான் சோறு வைப்பாங்க. அதோ படுத்திருக்கு பாருங்க."

ஸ்கூட்டர் நிழலில் காதைச் சொறிந்துகொண்டிருந்தது. காபி நிறம். நான் போய் அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். ஏன் நின்றேன் என்று தெரியவில்லை. வாலை ஆட்டியது.

அன்று மங்கை வீடு திரும்பியதும் பெரிய சண்டை. வழக்கமாகச் சண்டை போடுகிறவள் இல்லை. ஒரு தட்டை எடுத்து என் முன்னால் வைத்தாள். "தினமும் நான் சாப்பிடறப்ப சோறு குறையக் குறைய இந்தக் காலி இடம் மேல வருதுப்பா. கடைசிப் பருக்கையை எடுத்தா அது என்னையே பாக்குது. அதான் அவங்க எழுதினாங்க. எழுதினப்பறம்தான் நான் நிம்மதியா சாப்பிட்டேன்."

"மை போயிடும்மா. வெட்டினாத்தான் நிக்கும்."

"அப்ப வெட்டுங்க. இல்லன்னா எல்லாத்தையும் ஊருக்கு எடுத்துட்டுப் போங்க."

ஊருக்கு எப்படி எடுத்துப்போவது? ஊரில் இந்த அளவுக்கு ஏற்கெனவே இருக்கிறது. வாங்கின பொருளைத் திருப்பினால் ஸ்டோர் கீப்பருக்கு அழகா? அதோடு பேர் வெட்டினதை எந்தக் கடைக்காரன் வாங்குவான்? இரண்டு மாதம் சமாதானம் பேசிப் பார்த்தேன். நான் மாதம் ஒருதரம் வந்து அந்த மையெழுத்தையெல்லாம் எண்ணெய் போட்டுத் துடைத்து எடுத்தேன். போன ஞாயிற்றுக்கிழமை மங்கை ஒரு பையில் துணியை எடுத்துக்கொண்டு, தோழி ரூமுக்குப் போகிறேன், வெள்ளிக்கிழமை வருவேன், அதற்குள் இரண்டில் ஒன்று நடந்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள். கேட்டால், இது அவளுடைய முதல் வீடாம், இந்த வீட்டில் யாருக்காகவோ காத்திருக்கிற மாதிரி இருக்க அவளால் முடியாதாம். பேச்சைப் பாருங்கள். யார் காத்திருக்கச் சொன்னது? பாத்திரம்தானே காத்திருக்கிறது.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை.

நீங்கள் சொல்லுங்கள், என்ன வெட்டலாம்? என் பேரா? அதைத்தான் நான் முதலில் நினைத்தேன். அளவெடுத்த மாதிரி அடங்கும். இருங்கள், ஏன் சிரிக்கிறீர்கள்? மங்கையர்க்கரசி, ஞானவடிவேல், சென்னை... ஓ. ஆமாம். கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கிறது. சீச்சீ. விடுங்கள்.

சாமி பேர் போட்டுவிடலாமா என்றும் நினைத்தேன். முருகன். பிற்பாடு வருகிற மாப்பிள்ளையும் கோபிக்க முடியாது. ஆனால் அதில் மீன் குழம்பு ஊற்றிச் சாப்பிடுவாள். சாமி பேரை வழித்து நக்க முடியுமா? அதுவும் வேண்டாம்.

பூ போடலாம் என்கிறீர்களா? கொடி மாதிரி? பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் காலியாக இருக்கிற ரேக்குக்கு முன்னால் திரை கட்டினால் சரக்கு வந்துவிட்டதாக ஆகிவிடுமா? ஆடிட்டர் திரையைத் தள்ளிப் பார்ப்பார். எனக்குத் தெரியும் தம்பி, உள்ளே காலி என்று எனக்குத் தெரியும். ராத்திரி தூக்கம் வராது.

ஒரு நிமிஷம், செண்பகத்துக்குப் போட்டுப் பார்க்கிறேன். பாத்திரத்தைப் பற்றி அவளை நான் ஒன்றும் கேட்பதில்லை, அவளுக்கு அதில் அக்கறையும் கிடையாது. இருந்தாலும் ஒரு ஆத்திர அவசரத்துக்கு.

ஹலோ. செண்பகம். பேர் வெட்டுறவர் வந்து உட்கார்ந்திருக்காரு. என்ன போடறதுன்னு... என்ன இரைச்சல் அங்க? கிரைண்டர் ஓடுதா? ... பஸ்ஸா? எந்த பஸ்? ... என்னது? சத்தமா சொல்லு. ... யார் பேரை? ... உன் பேரையா? ... சரி. ... சரி. ... இல்ல, எதுக்குன்னு கேட்டேன். ... அப்படியா. ... சரி, எடுத்துவைக்கறேன். ... எதிர் வீட்லயா? ... சரி. வை.

தம்பி, அவள் பேரை வெட்டச் சொல்கிறாள்.

திண்டிவனம் தாண்டிவிட்டாளாம். இங்கேதான் வருகிறாள். நேற்றே மங்கையோடு பேசிவிட்டாளாம், என்னிடம் சொல்ல மறந்துவிட்டது போலிருக்கிறது. மறதி ஜாஸ்தி. "எங்க வீட்டுப் பாத்திரத்துல உங்கம்மா பேர் இருக்கு, உங்க அக்கா பேர் இருக்கு, நீங்க பந்தயத்துல ஜெயிச்ச கப்புல உங்க பேர் இருக்கு. இத்தனை வருஷமா அதையெல்லாம் நான்தான் விளக்கறேன். எனக்குன்னு ஒரு ஸ்பூன்ல பேர் இல்ல" என்கிறாள். பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு சொல்கிற விஷயமா இது? கூட இருப்பவர்கள் என்ன நினைப்பார்கள்? ஆனால் பாருங்கள், விஷயம் சரியாகத்தான் இருக்கிறது. மங்கையர்க்கரசி, செண்பகம், சென்னை. தாயும் மகளும். யார் படித்தாலும் ஒரு குறை சொல்ல முடியாது. எந்த மாப்பிள்ளை வந்தாலும் மாமியார் பேரை அழி என்று சொல்வானா? ஐந்து எழுத்து. அடங்குகிறது! இத்தனை நாள் வெளியே தேடிக்கொண்டிருந்தேன், பொருள் ஸ்டோருக்குள்ளேயே இருந்திருக்கிறது.

ஸ்பூனுக்கா? ஸ்பூனில் மூன்று எழுத்துக்குத்தான் இடம். அதையும் அவளே சொன்னாள். அம்மா என்று வெட்டினால் போதுமாம். மூன்றுதான். எல்லாம் யோசித்து வைத்திருக்கிறாள்.

ஒத்தாசைக்குத்தான் வருகிறாள், வேறென்ன. மங்கைக்குச் சமைத்துக் கொடுத்துவிட்டுக் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வருவாள். பெட்டி இரண்டு எடுத்து வந்திருக்கிறாளாம். பெண்கள் ஒருநாள் போவதற்கும் பெட்டி இரண்டு எடுப்பார்கள். தையல் மெஷின் பார்சலில் வருகிறது என்றாள். இங்கே சும்மா உட்கார்ந்திருக்க முடியாதில்லையா, கைவேலைக்கு. ஊர் வீட்டுச் சாவியை எதிர் வீட்டில் எனக்காகக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். மூன்று நாளைக்கு மாவு இருக்கிறதாம், அப்புறம் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள். மூன்று நாளில் திரும்பிவிடுவாள் என்று அர்த்தம். நான் சாயங்காலத்துக்குள் கிளம்பிவிட வேண்டுமாம். இங்கே இரண்டு பேருக்குத்தான் படுக்க இடம் என்கிறாள். அது உண்மைதான், நீங்களே பார்க்கிறீர்களே. அவர்கள் வருவதற்குள் அந்த அண்டாவையும் எனக்குப் பின்னாலேயே வண்டியில் அனுப்பிவிட வேண்டும் என்றாள். அது மட்டும் எனக்குப் புரியவில்லை. நாற்பது பேர் வந்தால்? சரி, ஒன்றே ஒன்றுதானே, வைத்துக்கொள்கிறேன்.

ஆரம்பியுங்கள். இந்தத் தட்டிலிருந்தே ஆரம்பியுங்கள். சத்தம் வந்தால் பரவாயில்லை, பகல்தானே.

ஆகா. என்ன அழகாக விழுகிறது எழுத்து. உங்கள் கை நல்ல கை. செ. ண். தனகோட்டி கடை எழுத்தைவிட இது நன்றாக இருக்கிறது. நான் சொன்னேனே, அளவு சரியாக இருந்தால் எல்லாம் சரியாக இருக்கும். ஆறுக்கு இடம் விட்டேன், ஐந்து எழுத்து. ஒன்று மிச்சம். தம்பி, கொஞ்சம் நிறுத்துங்கள். அந்த மிச்ச இடத்தில் அவள் இனிஷியலைப் போட்டுவிடலாம். ஞா. என் பேரின் முதல் எழுத்து. ஒரே எழுத்துதான், முன்னால்...

நடுவில் வைத்து வெட்டிவிட்டீர்களா? இரண்டு பக்கமும் சமமாக விட்டு? ஓ. அந்தப் பக்கம் அரை எழுத்து, இந்தப் பக்கம் அரை எழுத்து. அரை எழுத்தில் யாரும் நுழைய முடியாது.

இல்லை இல்லை, தப்பென்று சொல்லவில்லை. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. அடுத்ததை எடுங்கள்.